ஆர்வி ஏசி கோடையில் கைவிடாமல் இருக்க: வாங்கிய புதிதில் யாரும் எனக்குச் சொல்லாதவை

நாங்கள் இருப்பது டாலஸ் பக்கம். பழைய ஆர்வி (உள்ளேயே சமைத்து, தூங்கிப் பயணம் போகும் வண்டி) ஒன்றை வாங்கினோம், காரின் பின்னால் இழுத்துச் செல்லும் ட்ராவல் டிரெய்லர் வகை, 24 அடி, கூரையில் ஒரே ஒரு ஏசி. முதல் ஜூலையிலேயே, ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு டெக்சஸின் ஹில் கன்ட்ரி மலைப்பகுதிப் பக்கம் கிளம்பிவிட்டோம். மாலை நாலரை மணிக்கு வெளியே 102 டிகிரி இருந்தபோது ஏசி ஒருமுறை உறுமிவிட்டு நின்றது. மறுபடி போட்டால் மறுபடி உறுமல், பிறகு பிரேக்கர் விழுந்தது. போனில் பிடித்த ஒரு கடைக்காரர் "கம்ப்ரசர் போயிருக்கும், புது ஏசி மாட்ட 1,600 டாலர் ஆகும்" என்றார். மறுநாள் காலை நேரில் வந்து பார்த்த மெக்கானிக் 185 டாலர் வாங்கிக்கொண்டு சொன்னது வேறு. ஏசியில் ஒரு கோளாறும் இல்லை, வண்டி நிறுத்தும் இடத்தில் மின்சாரம் எடுக்க நட்டிருக்கும் கரண்ட் கம்பத்தில் பிளக் சொருகும் இடம் தளர்ந்து போயிருக்கிறது, எங்கள் பிளக்கின் ஒரு கால் கருகியிருக்கிறது, அதனால் உள்ளே வந்துசேர்ந்த வோல்டேஜ் 103தான்.

அன்று இரவு எழுபது வயதைத் தாண்டிய இரண்டு பேர் அந்தப் புழுக்கத்தில் தூங்காமல் உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு தேடிப் படித்தும், கேட்டும், கூரை மேல் ஏறிப் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை வரிசையாக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆர்வியில் ஏசி வேலை செய்யவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கரண்டை, அடுத்தது காற்றோட்டத்தை. ஏசியைக் கடைசியில் சந்தேகப்பட்டால் போதும்.

1. உங்கள் வண்டி 30 ஆம்பா, 50 ஆம்பா?

வண்டியோடு வரும் தடிமனான வயரின் முனையைப் பாருங்கள். மூன்று கால் இருந்தால் 30 ஆம்ப், நான்கு கால் இருந்தால் 50 ஆம்ப். 30 ஆம்ப் வண்டிக்கு மொத்தமாகக் கிடைப்பது 120 வோல்ட்டில் 3,600 வாட். 50 ஆம்ப் என்பது ஏதோ கொஞ்சம் கூடுதல் இல்லை, அதில் 50 ஆம்ப் லைன் இரண்டு வருவதால் 12,000 வாட் கிடைக்கும். அதனால்தான் பெரிய வண்டிகளில் இரண்டு ஏசி ஓடுகிறது.

நம்மில் பெரும்பாலோர் முதலில் வாங்குவதும் வாடகைக்கு எடுப்பதும் 30 ஆம்ப் வண்டிதான், ஆகவே கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 13,500 பிடியு (ஏசியின் குளிர்விக்கும் திறனைச் சொல்லும் அளவு) ஏசி ஓடும்போது 13 முதல் 15 ஆம்ப் இழுக்கும், வெயில் கூடினால் அதுவும் கூடும். தண்ணீர் ஹீட்டரை கரண்டில் போட்டால் 12 ஆம்ப். மைக்ரோவேவ் 12 பக்கம். இன்டக்ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்தால் அது ஒன்றே 15. ஏசியும் ஹீட்டரும் சேர்ந்தாலே 27 ஆகிவிடுகிறது, அந்த நேரம் பார்த்து யாராவது மைக்ரோவேவில் பால் சூடு செய்தால் பிரேக்கர் விழும். எங்கள் வண்டியில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஏசி ஓடும் நேரத்தில் தண்ணீர் ஹீட்டர் கேஸில், சமையல் கேஸ் அடுப்பில், சட்னி அரைக்க மிக்ஸி மட்டும் கரண்டில். மிக்ஸி இங்கே வாங்கிய 110 வோல்ட் மிக்ஸியாக இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2. ஏசியிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்

13,500 பிடியு என்றால் நம்மூர் கணக்கில் ஒரு டன்னுக்குச் சற்று மேல். 15,000 பிடியு ஒன்றேகால் டன். அறைக்கு அது தாராளம், ஆனால் இந்த வண்டிகளின் சுவர் இரண்டு அங்குலம்கூட இருக்காது, சுற்றிலும் ஜன்னல், மேலே நேராக வெயில். வெளியே இருப்பதைவிட 20 டிகிரி குறைந்தால் நல்ல ஏசி என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வெளியே 102 என்றால் உள்ளே 80, 82. வீட்டில் வைப்பதுபோல் 72 வைத்துவிட்டு அது வரவில்லையே என்று மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள்.

ஏசி குளிர்விக்க வேண்டிய சூட்டைக் குறைப்பதுதான் மலிவான வழி. வெயில் பக்கத்து ஜன்னல்களுக்கு வெள்ளி நிற இன்சுலேஷன் தாளை அளவாக வெட்டிச் சொருகுங்கள், ஒரு சுருள் 30 டாலருக்குள் கிடைக்கும். கூரையில் இருக்கும் ஃபேன் துவாரத்துக்கு 14 அங்குலச் சதுர மெத்தை ஒன்று விற்கிறார்கள், 15 முதல் 20 டாலர். வெயில் பக்கத்தில் பந்தலை விரித்துவிடுங்கள், காற்று அடித்தால் மட்டும் உடனே சுருட்டிவிட வேண்டும்.

3. வீட்டு வாசலில் 30 ஆம்ப் பிளக் போடுபவர்கள் இதை அவசியம் படியுங்கள்

கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவே வண்டியைக் குளிரவைத்துக் கிளம்பினால் பெரிய உதவி. அதற்கு வீட்டில் 30 ஆம்ப் இணைப்பு வேண்டும். சாதாரண 15 ஆம்ப் பிளக்கில் அடாப்டர் போட்டு ஏசி ஓட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அதிலும் கராஜில் கிடக்கும் மெல்லிய ஆரஞ்சு நீட்டிப்பு வயரில் ஓட்டினால் வயர் சூடாகும், வோல்டேஜ் விழும், கம்ப்ரசர் கெடும், தீப்பிடிக்கவும் வாய்ப்பு இருக்கிறது. செய்யாதீர்கள்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. ஆர்விக்கான மூன்று கால் 30 ஆம்ப் பிளக்கின் பெயர் டிடி-30 (TT-30). அது 120 வோல்ட். ஒரு லைன், ஒரு நியூட்ரல், ஒரு எர்த், அவ்வளவுதான். பார்ப்பதற்கு துணி உலர்த்தும் மெஷினின் பிளக் மாதிரி இருப்பதால், ஆர்வி பழக்கமில்லாத எலக்ட்ரீஷியன் அதில் 240 வோல்ட் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அதில் வண்டியைச் சொருகினால் மைக்ரோவேவ், கன்வெர்ட்டர், ஏசி போர்டு, டிவி என்று எல்லாம் போய்விடும். வேலையை ஒப்படைக்கும்போதே "120 வோல்ட், டிடி-30" என்று எழுத்தில் கொடுங்கள், வேலை முடிந்ததும் மல்ட்டிமீட்டரில் 120 காட்டச் சொல்லி நேரில் பார்த்தபிறகே வண்டியை இணையுங்கள். மீட்டர் 20 டாலருக்குக் கிடைக்கும், உங்களிடமும் ஒன்று இருக்கட்டும்.

செலவு வீட்டின் பிரேக்கர்கள் இருக்கும் பேனலில் இருந்து தூரத்தைப் பொறுத்தது. கராஜிலேயே பேனல் இருந்தால் 300, 400 டாலரில் முடியும், சுவரைத் துளைத்துக் கொண்டுபோக வேண்டும் என்றால் ஆயிரத்தைத் தாண்டும். நகராட்சி பெர்மிட் தேவையா என்று கேட்டுவிடுங்கள். அதற்கும் முன்னால் எச்ஓஏ (குடியிருப்பு வீட்டுக்காரர் சங்கம்) விதிகளை எடுத்துப் படியுங்கள். பல குடியிருப்புகளில் ஆர்வியை வாசலில் ஓரிரு நாளுக்கு மேல் நிறுத்தக் கூடாது. அப்படி இருந்தால் பிளக்குக்குச் செலவழிப்பதில் அர்த்தம் இல்லை.

4. இடம் பதிவு செய்யும்போது

கோடைக்கு "ஹூக்கப்", அதாவது வண்டிக்குக் கரண்ட் இணைப்பு, உள்ள இடமா என்பதை முதலில் பாருங்கள். அழகான தேசியப் பூங்காக்களின் கேம்ப்கிரவுண்ட் (வண்டி நிறுத்தித் தங்கும் இடம்) பலவற்றில் கரண்டே கிடையாது. கிராண்ட் கேன்யன் தெற்குப் பக்கத்தில் மேதர் கேம்ப்கிரவுண்டில் இணைப்பு இல்லை, அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் டிரெய்லர் வில்லேஜில் 30, 50 ஆம்ப் இரண்டும் உண்டு. பெயரை மாற்றிப் பதிவு செய்துவிட்டால் ஏசி இல்லாமல்தான் இருக்க வேண்டும்.

டெக்சஸ் மாநிலப் பூங்காக்களில் ஐந்து மாதம் முன்பே பதிவு திறந்துவிடும், ஜூன் ஜூலை வார இறுதிகளுக்கு அந்த முதல் வாரத்திலேயே உட்கார வேண்டும். முடிந்தால் 50 ஆம்ப் இருக்கும் இடத்தையே எடுங்கள், உங்கள் வண்டி 30 ஆம்பாக இருந்தாலும் சரி. 50-இலிருந்து 30-க்கு மாற்றும் குட்டை அடாப்டர் 20 முதல் 40 டாலர். வண்டிக்குள் இருக்கும் 30 ஆம்ப் பிரேக்கர் எப்படியும் காவலுக்கு இருக்கிறது. 50 ஆம்ப் சாக்கெட்டில் எல்லோரும் சொருகுவதில்லை என்பதால் அது பெரும்பாலும் தேயாமல் இறுக்கமாக இருக்கும். எங்களுக்கு நடந்தது மறுபடி நடக்காமல் இருக்க இந்த ஒரு அடாப்டரே பாதிக் காரணம்.

5. கம்பத்தில் சொருகும் வரிசை

வண்டிக்குள் ஏசியை அணைத்துவிட்டு வெளியே வாருங்கள். கம்பத்தின் பிரேக்கரை அணையுங்கள். சாக்கெட்டைப் பாருங்கள், கருப்பாகவோ உருகியோ இருந்தால் அங்கேயே நின்று அலுவலகத்தைக் கூப்பிட்டு இடத்தை மாற்றிக் கேளுங்கள். உங்கள் பிளக்கின் கால்களையும் பாருங்கள், பித்தளை நிறம் மாறியிருந்தால் முனையை மாற்ற வேண்டிய நேரம், 15 முதல் 30 டாலர் பொருள். அப்புறம் முதலில் ஈஎம்எஸ் என்ற பாதுகாப்புப் பெட்டி, அதில் வண்டியின் வயர், கடைசியில் பிரேக்கர்.

இந்த ஈஎம்எஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 30 ஆம்புக்கு 250 முதல் 350 டாலர் ஆகும், அதைப் பார்த்து நானும் வாங்காமல் தள்ளிப்போட்டவன்தான். 80 டாலருக்குக் கிடைக்கும் வெறும் சர்ஜ் புரொடெக்டர் இதன் வேலையைச் செய்யாது. அது மின்னல் மாதிரி திடீர் ஏற்றத்தைத்தான் தடுக்கும். ஏசியைக் கொல்வது ஏற்றம் இல்லை, இறக்கம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கேம்ப்கிரவுண்டில் எல்லா வண்டியிலும் ஏசி ஓடும்போது வோல்டேஜ் 120-இலிருந்து 110, 105 என்று இறங்கும். வோல்டேஜ் குறைந்தால் கம்ப்ரசர் கூடுதல் ஆம்ப் இழுத்துச் சூடாகும். நல்ல ஈஎம்எஸ் 104 வோல்ட் பக்கம் வந்ததும் தானே கரண்டைத் துண்டித்துவிடும், சரியானதும் இரண்டு நிமிடம் பொறுத்துத் திரும்பக் கொடுக்கும். அதன் திரையில் 108-க்குக் கீழே பார்த்தால் நீங்களாகவே ஏசியை ஃபேனுக்கு மாற்றிவிடுங்கள்.

ஏசியை அணைத்தால் மறுபடி போடுவதற்கு முன் மூன்று, நான்கு நிமிடம் விடுங்கள். உள்ளே அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரசர் கிளம்பத் திணறும். நான் அன்று பதற்றத்தில் போட்டுப் போட்டு அணைத்தது இதைத் தெரியாமல்தான்.

செக்-இன் பெரும்பாலும் இரண்டு மணிக்கு மேல், அதாவது நாளின் மிகச் சூடான நேரம். வெயிலில் வந்த வண்டி குளிர இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். குழந்தைகளும் பெரியவர்களும் இருந்தால் அந்த நேரத்துக்கு ஆற்றங்கரையோ பூங்கா அலுவலகமோ என்று ஒரு இடம் யோசித்து வையுங்கள்.

6. ஜெனரேட்டரில் ஓட்டுவது

13,500 பிடியு ஏசி கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல் சில மடங்கு இழுக்கும், அதனால் 3,000 வாட்டுக்குக் குறைந்த ஜெனரேட்டர் திணறும். சாஃப்ட் ஸ்டார்ட் என்ற சிறு பெட்டியை ஏசிக்குள் மாட்டினால் அந்தத் தொடக்க இழுப்பு குறைந்து, 2,200 வாட் ஜெனரேட்டரிலும் ஓட வாய்ப்பு உண்டு. விலை 200 முதல் 350 டாலர். மலைக்குப் போனால் ஜெனரேட்டரின் பலம் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் சுமார் மூன்று சதவீதம் குறையும், 7,000 அடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், இதையும் கணக்கில் வையுங்கள்.

வாடகை வண்டியா? ஒப்பந்தத்தில் ஜெனரேட்டர் மணிக்கணக்கைத் தேடிப் படியுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று இருக்கும். எடுக்கும்போதே மணிக்கணக்கு மீட்டரைப் போட்டோ எடுங்கள், திருப்பித் தரும்போதும் எடுங்கள். கேம்ப்கிரவுண்டில் இரவில் ஜெனரேட்டர் ஓட்டவே விடமாட்டார்கள், பல பூங்காக்களில் பகலிலும் குறிப்பிட்ட நேரம்தான். "ராத்திரி ஏசியை ஜெனரேட்டரில் ஓட்டிக்கொள்ளலாம்" என்று திட்டம் போடாதீர்கள். பேட்டரியும் உதவாது, 100 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் ஏசி ஒரு மணி நேரம்கூட ஓடாது.

இதில் விளையாட்டுக்கு இடமே இல்லாத ஒன்று, ஜெனரேட்டர் புகையில் வரும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வண்டியில் இருக்கும் டிடெக்டரின் பின்பக்கம் தேதி இருக்கும், காலாவதியாகியிருந்தால் மாற்றாமல் ஜெனரேட்டரைத் தொடாதீர்கள். பக்கத்து வண்டியின் புகைகூட உங்கள் ஜன்னல் வழியாக வரலாம்.

7. உள்ளே நீங்களே செய்யக்கூடிய பராமரிப்பு

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். வண்டிக்குள் தாளிப்பதும் பொரிப்பதும் அதிகம் என்றால் வாரம் ஒருமுறை, எண்ணெய்ப் பிசுக்கு ஃபில்டரில் ஒட்டினால் தூசி விடவே விடாது.

அடுத்தது பலருக்குத் தெரியாதது, எனக்கு மிகவும் பலன் தந்தது. கூரையின் உள்பக்க மூடியைக் கழற்றினால் குளிர்ந்த காற்று போகும் வழியும் சூடான காற்று திரும்பும் வழியும் பக்கம் பக்கமாக இருக்கும், நடுவே ஒரு தடுப்பு. தொழிற்சாலையில் அவசரமாக ஒட்டியதால் அந்தத் தடுப்பில் இடைவெளி இருக்கும், குளிர்ந்த காற்று அறைக்கு வராமல் அப்படியே திரும்ப ஏசிக்குள் போய்க்கொண்டிருக்கும். அந்த இடைவெளிகளையும் குழாய் சேரும் ஓரங்களையும் அலுமினிய ஃபாயில் டேப்பால் அடையுங்கள். துணி டேப் சூட்டில் உரிந்துவிடும். பத்து டாலர் டேப், ஒரு மணி நேர வேலை, கரண்டைத் துண்டித்துவிட்டுத்தான். எங்கள் வண்டியில் கடைசி படுக்கைக்கு காற்று வர ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

டேப் ஒட்டியபின் சோதித்துப் பாருங்கள். அரை மணி நேரம் ஏசி ஓடியதும், காற்றை உள்ளே இழுக்கும் இடத்தில் ஒரு தெர்மாமீட்டர், ஏசிக்கு மிக அருகில் காற்று வெளிவரும் இடத்தில் ஒன்று வையுங்கள். இரண்டுக்கும் 16 முதல் 22 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏசி நன்றாக இருக்கிறது, வண்டி இன்னும் சூடாக இருந்தால் காரணம் வெயில். அதைவிட நன்றாகக் குறைந்தால் ஃபில்டர், டேப், கூரை மேலுள்ள காயில் (ஏசிக்குள் மெல்லிய தகடுகளோடு வளைந்து ஓடும் குழாய்) என்ற வரிசையில் பாருங்கள்.

கால்வெஸ்டன் மாதிரி கடலோரம் போனால் இன்னொன்று வரும். ஈரப்பதம் அதிகம், ஃபேனைக் குறைத்து வைத்து 65-இல் விட்டுத் தூங்கினால் காயிலில் பனிக்கட்டி உறைந்து காற்றே வராது. கம்ப்ரசரை நிறுத்தி ஃபேனை மட்டும் வேகமாக ஒரு மணி நேரம் ஓட்டினால் உருகிவிடும். கத்தியால் சுரண்டாதீர்கள், காயில் ஓட்டையானால் ஏசி முடிந்தது.

8. கூரை மேல், வருடத்துக்கு இருமுறை

எல்லா வண்டியின் கூரையும் ஆள் ஏறி நடக்கத் தாங்காது, கையேட்டில் பார்த்துவிட்டு ஏறுங்கள். கம்ப வயரைக் கழற்றி, ஜெனரேட்டரும் தானாக ஓடாதபடி அணைத்துவிட்டுத்தான். பிளாஸ்டிக் மூடியின் நான்கு திருகைக் கழற்றினால் உள்ளே காயில் தெரியும். டெக்சஸில் குளவி மண்கூடு கட்டியிருப்பது சாதாரணம், மெதுவாக எடுங்கள். காயில் நுரைக் கிளீனர் அடித்து, பூவாளியில் ஊற்றுவதுபோல் மெதுவான தண்ணீரில் கழுவுங்கள், பிரஷர் வாஷர் தகடுகளை வளைத்துவிடும். கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரில் கரண்டை எடுத்த பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும், அதன் பக்கம் கை போகவேண்டாம்.

உள்ளே தண்ணீர் சொட்டினால் எப்போது சொட்டுகிறது என்று கவனியுங்கள். மழை பெய்தபின் சொட்டினால் ஏசிக்குக் கீழே தண்ணீர் புகாமல் அடைக்கும் கேஸ்கெட் பிரச்சினை. உள்பக்கமிருந்து நான்கு போல்ட்டையும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சம் இறுக்கலாம், கேஸ்கெட் அரை அங்குல அளவுக்கு அமுங்கினால் போதும். மழையே இல்லாமல் ஏசி ஓடும்போது சொட்டினால் தண்ணீர் வடியும் துளை அடைத்திருக்கிறது அல்லது வண்டி மட்டமாக நிற்கவில்லை. எதற்கும் ஏசியைச் சுற்றிக் கூரையில் சீலன்ட் பூசாதீர்கள், வெளியே வடிய வேண்டிய தண்ணீர் தேங்கி உள்ளே வரும்.

9. மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்

ஏசியை ஓட்டிப் பார்ப்பதை மார்ச், ஏப்ரலிலேயே செய்யுங்கள், வெளியே 75 டிகிரி இருக்கும் ஒரு நாளில் ஒரு மணி நேரம். ஜூனில் கோளாறு தெரிந்தால் கடையில் இரண்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

கையில் வைத்திருக்க வேண்டிய காகிதங்கள்: ஏசியின் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் உள்ள தகட்டின் போட்டோ, வண்டி வாங்கிய ரசீது, விஐஎன் எண் (வண்டியின் அடையாள எண்), இதுவரை செய்த பராமரிப்பின் பில்கள். ஏசி கம்பெனியின் வாரண்டி வண்டிக் கம்பெனியின் வாரண்டியிலிருந்து தனி, வண்டிக்கு முடிந்த பிறகும் ஏசிக்கு மிச்சம் இருக்கலாம். பழைய வண்டி வாங்கியவர்களுக்கு அது பெரும்பாலும் மாறி வராது, எழுதிக் கேட்டுவிடுங்கள். வாரண்டி நீட்டிப்பு ஒப்பந்தம் வாங்கியிருந்தால் யாரும் ஏசியைத் திறப்பதற்கு முன் அந்தக் கம்பெனியிடம் அனுமதி எண் வாங்க வேண்டும், திறந்த பிறகு கேட்டால் பணம் வராது.

இடத்துக்கே வரும் மெக்கானிக் வந்து பார்க்க 100 முதல் 200 டாலர், அதற்கு மேல் மணிக்கு 125-க்குக் குறையாது. கெப்பாசிட்டர் மாற்றுவது பொருளும் கூலியும் சேர்ந்து 200, 300 டாலரில் முடியும் வேலை, உறுமிவிட்டு நிற்கும் ஏசிக்கு வோல்டேஜுக்கு அடுத்த சந்தேகம் அதுதான். புது ஏசி 800 முதல் 1,300, கூலி தனி. "கேஸ் குறைந்திருக்கு, ஃபில் பண்ணணும்" என்று யாராவது சொன்னால் நிதானியுங்கள். வீட்டு ஏசி நினைப்பில் நாமும் உடனே தலையாட்டிவிடுவோம், ஆனால் கூரை ஆர்வி ஏசிகள் பெரும்பாலும் முழுக்க மூடிய அமைப்பு, கேஸ் போடும் வாலே வெளியே இருக்காது, அதைத் தொடுவதற்கு மெக்கானிக்கிடம் ஈபிஏ (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) சான்றிதழும் இருக்க வேண்டும்.

போனில் பேசும்போது இந்த நான்கை முதலிலேயே சொல்லுங்கள்: கம்பத்தில் வோல்டேஜ் எவ்வளவு, ஏசி ஓடும்போது வண்டிக்குள் எவ்வளவு, போகும் காற்றுக்கும் வரும் காற்றுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம், ஃபில்டர் எப்போது கழுவியது. போன ஆகஸ்டில் நான் இப்படிச் சொன்னபோது அந்த மெக்கானிக் புறப்படவே இல்லை. கம்பத்திலேயே 106தான் இருக்கிறது என்பதைக் கேட்டதும் அலுவலகத்தில் சொல்லி வேறு இடத்துக்கு மாறச் சொன்னார். மாறினோம், அரை மணி நேரத்தில் ஏசி குளிர ஆரம்பித்தது.